இருமொழி நிலப்பகுதியின் பெயர்வழக்கு: ஆங்கிலத்தில் 'தென் திரோல்' – 'ஆல்தோ ஆதிஜே'

முன்னுரை

ஒரு நிலப்பகுதியில் வாழும் இரு மொழியினர் அந்நிலத்தை இரு வேறு பெயர்களால் வழங்குவராயின், மூன்றாம் மொழியில் எழுதுவோர் எப்பெயரைக் கையாள்வது என்னும் வினா எழுகிறது. இத்தாலி நாட்டின் வட எல்லையில், ஆல்ப்ஸ் மலைத்தொடரில் அமைந்த போல்சானோ மாகாணம் இவ்வினாவிற்குரிய தெளிவான சான்றாகும். இம்மாகாணத்தை அங்குள்ள ஜெர்மன் மொழியினர் 'தென் திரோல்' என்னும் பொருள்பட 'ஸூட்டிரோல்' என்பர்; இத்தாலிய மொழியினர் 'ஆதிஜே ஆற்றின் மேற்பகுதி' என்னும் பொருள்பட 'ஆல்தோ ஆதிஜே' என்பர். ஆங்கிலத்தில் இவ்விரண்டும் வழங்குகின்றன. முன்னது மொழிபெயர்க்கப்பட்டும் பின்னது மொழிபெயர்க்கப்படாமலும் வழங்குவது தனித்து நோக்கத்தக்கது.

மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பொன்றில் ஐரோப்பிய வரலாறு பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள் இரண்டினை மாணவர்க்குத் தமிழாக்கத்திற்குக் கொடுத்திருந்தேன். ஒன்றில் தென் திரோல் எனவும் மற்றொன்றில் ஆல்தோ ஆதிஜே எனவும் வந்திருந்தது. மாணவர் ஒருவர் இவற்றை இரு வேறு நிலப்பகுதிகளாகக் கொண்டு, ஒன்று ஆஸ்திரியாவைச் சார்ந்தது, மற்றொன்று இத்தாலியைச் சார்ந்தது எனக் குறிப்பும் எழுதியிருந்தார். அவரது பிழை அறியாமையால் மட்டும் விளைந்ததன்று; இரு பெயர்களும் தம்முள் இரு வேறு வரலாறுகளைச் சுமந்து நிற்றலே அதற்குக் காரணம். அவ்வரலாறுகளை எடுத்துரைத்து, ஆங்கில வழக்கு எவ்வெக்காலத்து எவ்வெவ்வாறு அமைந்தது என்பதை ஆராய்ந்து, தமிழில் எழுதுவோர் கொள்ளத்தக்க நெறியினைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் மக்களும்

போல்சானோ மாகாணம் ஏறத்தாழ 7,400 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. 116 நகர, ஊராட்சிகளைக் கொண்டது. இதன் வடக்கே பிரென்னர் கணவாயும் அதற்கப்பால் ஆஸ்திரியாவின் திரோல் மாநிலமும் உள்ளன. தெற்கே இத்தாலிய மொழி பேசும் திரெந்தோ மாகாணம் அமைந்துள்ளது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்களுள் ஜெர்மன் மொழிக் குழுவினர் 69.41 விழுக்காட்டினர், இத்தாலிய மொழிக் குழுவினர் 26.06 விழுக்காட்டினர், லாதின் மொழிக் குழுவினர் 4.53 விழுக்காட்டினர். லாதின் என்பது இலத்தீனிலிருந்து கிளைத்த பழைய மலைமொழி. கார்தேனா, பாதியா ஆகிய பள்ளத்தாக்குகளில் வழங்குவது. எனவே இப்பகுதியை இருமொழி நிலம் எனக் கூறுவது பெருவழக்கே ஆயினும், உண்மையில் இது மும்மொழி நிலமாகும். பெயர்ச் சிக்கல் பற்றிய விவாதங்களில் இம்மூன்றாம் மொழியினர் பெரும்பாலும் மறக்கப்படுவது பின்னர்க் காட்டப்பெறும்.

பெயர்க் காரணம்

நன்னூலார் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுப்பர். இப்பகுப்பைக் கொண்டு நோக்கின் நாம் ஆராயும் இரு பெயர்களும் காரணப்பெயர்களே. ஆயின் காரணம் தோன்றிய காலத்து அப்பெயர்கள் சுட்டிய நிலமும் இன்று சுட்டும் நிலமும் ஒன்றல்ல.

திரோல் என்பது முதற்கண் ஒரு கோட்டையின் பெயர். அக்கோட்டை இன்றைய போல்சானோ மாகாணத்தில் மெரான் நகருக்கு அருகில் உள்ளது. அங்கிருந்து ஆண்ட குறுநில மன்னர்கள் திரோல் கோமக்கள் எனப்பட்டனர்; அவர்தம் ஆட்சி விரிய விரியப் பெயரும் விரிந்தது. 1363இல் கோமகள் மார்கரெத் தம் நாட்டை ஹாப்ஸ்பர்க் குடியினரிடம் ஒப்படைத்தார். அது முதல் 1918 வரை, நெப்போலியன் காலத்துச் சில ஆண்டுகள் நீங்கலாக, திரோல் ஹாப்ஸ்பர்க் நாடாகவே இருந்தது. பெயருக்கு முதலாகிய கோட்டை இன்று இத்தாலியில் இருக்க, அப்பெயர் தாங்கிய மாநிலம் ஆஸ்திரியாவில் இருப்பது வரலாற்றின் விளைவு.

'தென்' என்னும் திசையடை எந்நிலத்தைக் குறித்தது என்பது அடுத்த வினா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரியத் திரோலின் தென்பகுதி என்றால் அது திரெந்தோவையும் உள்ளடக்கியது. சில வேளைகளில் இத்தாலிய மொழி பேசும் திரெந்தோப் பகுதியையே சிறப்பாகச் சுட்டியது. இன்றைய போல்சானோப் பகுதியைத் தனியே குறிக்க வேண்டியபோது 'ஜெர்மன் தென் திரோல்' என அடைகொடுத்துக் கூறும் வழக்கு இருந்தது. 1919க்குப் பின்னரே 'தென் திரோல்' என்னும் தொடர் அடையின்றிப் போல்சானோப் பகுதியை மட்டும் குறிக்கும் நிலை மெல்ல உருவாயிற்று. ஆகவே இப்பெயர் தொன்மையானது என்பதும், இன்று அது சுட்டும் பொருள் அண்மைக் காலத்தது என்பதும் ஒருங்கே கொள்ளத்தக்கன.

ஆல்தோ ஆதிஜே என்னும் பெயரின் வரலாறும் இத்தகையதே. 1805ஆம் ஆண்டுப் பிரெஸ்பர்க் உடன்படிக்கையால் திரோல் பவேரியாவிற்குத் தரப்பட்டது. 1809இல் ஆந்திரேயாஸ் ஹோஃபர் தலைமையில் திரோல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டு, 1810 பிப்ரவரி 20 அன்று ஹோஃபர் மாந்துவாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு திரோல் பங்கிடப்பட்டது. அதன் தென்பகுதி நெப்போலியனின் இத்தாலிய அரசோடு இணைக்கப்பட்டு 'ஆல்தோ ஆதிஜே' என்னும் ஆட்சிப் பிரிவாயிற்று. ஆட்சிப் பிரிவுகளுக்கு ஆறுகளின் பெயரிடுவது பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் தோன்றிய நிர்வாக மரபு. அப்பிரிவின் தலைநகர் திரெந்தோ. போல்சானோ அதனுள் அடங்கியது. மெரானும் பிரிக்ஸனும் பவேரியாவின் பகுதியாகவே நீடித்தன. அதாவது, 1810இன் ஆல்தோ ஆதிஜேயின் தலைநகர் இன்றைய ஆல்தோ ஆதிஜேக்கு வெளியே உள்ளது. இன்றைய ஆல்தோ ஆதிஜேயின் இரு முதன்மை நகரங்கள் அன்றைய ஆல்தோ ஆதிஜேக்கு வெளியே இருந்தன. பெயர் ஒன்றாயினும் நிலம் ஒன்றன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஆற்றைக் கொண்டு இந்நிலத்தைச் சுட்டுவது இத்தாலிய மொழிக்கே உரியதென எண்ணுதலும் பொருந்தாது. ஆதிஜே ஆற்றை ஜெர்மன் மொழியினர் 'எட்ச்' என்பர். இடைக்காலத்தில் திரோல் நாட்டையே 'எட்ச் ஆற்று நாடு' எனக் கூறும் வழக்கு ஜெர்மன் மொழியில் இருந்தது. 1841இல் ஹாஃப்மன் ஃபான் ஃபாலர்ஸ்லேபன் இயற்றிய ஜெர்மானியர் பாடலிலும் ஜெர்மன் நிலத்தின் எல்லைகளுள் ஒன்றாக இவ்வாறு சுட்டப்பட்டுள்ளது. ஒரே ஆற்றை இரு தேசியங்களும் தத்தம் எல்லையாகவும் உடைமையாகவும் கொண்டன எனலாம்.

பெயர் மாற்றமும் ஆட்சி அதிகாரமும்

முதல் உலகப் போரில் இத்தாலி நேச நாடுகளின் பக்கம் சேர்வதற்கு ஈடாக, 1915 ஏப்ரல் 26 அன்று கையெழுத்தான இலண்டன் இரகசிய உடன்படிக்கை பிரென்னர் கணவாய் வரையிலான நிலத்தை இத்தாலிக்கு உறுதியளித்தது. 1919 செப்டம்பர் 10 அன்று கையெழுத்தான சேன் ஜெர்மேன் உடன்படிக்கை இதனை உறுதி செய்தது. 1920 அக்டோபரில் இணைப்பு நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனின் பதினான்கு கூறுகளுள் ஒன்பதாவது, இத்தாலியின் எல்லை தேசிய இன வரம்பினை ஒட்டி அமைய வேண்டும் எனக் கூறியிருந்தது. 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இப்பகுதி மக்களுள் ஏறத்தாழ 89 விழுக்காட்டினர் ஜெர்மன் மொழியினர். இத்தாலிய மொழியினர் 3 விழுக்காட்டளவினரே. கொள்கை ஒன்றாகவும் எல்லை வேறாகவும் அமைந்த நிலையில், அவ்விடைவெளியை நிரப்பும் பணி பெயர்களுக்கு நேர்ந்தது.

அப்பணியை முன்னின்று செய்தவர் ரோவெரேத்தோவில் பிறந்த எத்தோரே தொலொமேய் (1865–1952). அவர் 1906இல் 'ஆல்தோ ஆதிஜே ஆவணம்' என்னும் பொருள்படும் பெயரில் ஓர் இதழைத் தொடங்கினார். போரின்போது, 1916இல், அவரை உள்ளிட்ட மூவர் குழு ஏறத்தாழ 12,000 இடப்பெயர்களுக்கு இத்தாலிய வடிவங்களைத் தொகுத்தது. இத்தாலிய அரச புவியியல் கழகம் அதனை வெளியிட்டது. நிலம் கைக்கு வருவதற்கு மூன்றாண்டுகள் முன்னரே பெயர்கள் ஆயத்தமாயின என்பது கருதத்தக்கது.

அப்பெயர்களின் ஆக்கமுறை இடப்பெயராய்வாளர் நோக்குதற்குரியது. சில, ஒலியளவில் திரிக்கப்பட்டவை: பிரென்னர் 'பிரென்னெரோ' ஆயிற்று. சில, உரோமர் காலப் பெயரினின்று மீட்கப்பட்டவை: ஷ்டெர்த்சிங் 'விப்பித்தேனோ' ஆயிற்று. சில, திருத்தொண்டர் பெயரால் அமைந்தவை: இன்னிகன் 'சான் கான்திதோ' ஆயிற்று. சில, ஆற்றின் பெயரால் புதிதாய்ப் புனையப்பட்டவை: கோசென்சாஸ் 'கோல்லே இசார்க்கோ' ஆயிற்று. சில, பொருள்பெயர்ப்பு: நடுக்காடு எனப் பொருள்படும் மித்தெவால்ட் அதே பொருளில் 'மெத்சாசெல்வா' ஆயிற்று. இவற்றோடு, போல்சானோ, மெரானோ, பிரெஸ்ஸனோனே முதலிய பெயர்கள் இத்தாலிய மொழியில் முன்பே வழங்கியவை என்பதும் மறத்தற்கில்லை. அனைத்துப் பெயர்களும் புனைவு எனக் கூறுதல் மிகை. பெரும்பாலான சிற்றூர்ப் பெயர்கள் மக்கள் வழக்கில் வேரில்லாதன எனக் கூறுதல் உண்மை.

பாசிச ஆட்சியில் இப்பட்டியல் சட்டமாயிற்று. 1923 மார்ச் 29ஆம் நாளைய அரச ஆணை இத்தாலிய இடப்பெயர்களை அதிகாரப்பூர்வமாக்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 'திரோல்' என்னும் பெயரும் அதன் கிளைச்சொற்களும் தடை செய்யப்பட்டன. அவ்வாண்டின் கல்விச் சீர்திருத்தம் பள்ளிகளிலிருந்து ஜெர்மன் மொழியைப் படிப்படியாக நீக்கியது. மக்கள் மறைவிடங்களில் பிள்ளைகளுக்குத் தம்மொழி கற்பித்தனர். அவை 'நிலவறைப் பள்ளிகள்' எனப் பெயர் பெற்றன. 1939இல் ஹிட்லரும் முசோலினியும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ஜெர்மானிய நாட்டிற்குப் பெயர்வதா, இத்தாலியில் தங்கித் தம் மொழியுரிமையை இழப்பதா என்னும் தெரிவு மக்கள்மேல் சுமத்தப்பட்டது. பெரும்பான்மையோர் பெயர்வதைத் தெரிந்தனர். ஏறத்தாழ 75,000 பேர் உண்மையில் பெயர்ந்தனர். ஓர் ஊரின் பெயர் பற்றிய பூசல் ஓர் ஊரார் அனைவரும் ஊரை விட்டுச் செல்வதா என்னும் நிலைக்கு இட்டுச்சென்ற வரலாறு இது. எனவே 'திரோல்' என்னும் பெயரை ஜெர்மன் மொழியினர் விடாது பற்றி நிற்பதன் காரணம் விளங்கும்.

ஆங்கில வழக்கின் படிநிலைகள்

ஆங்கிலத்தில் இந்நிலத்தின் பெயர்வழக்கு நான்கு படிநிலைகளாக வளர்ந்துள்ளது எனக் கொள்ளலாம்.

முதலாவது, பயணநூற் காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இந்நிலத்தை மலையேற்றத்திற்கும் உலாவிற்கும் உரிய இடமாகவே அறிந்தனர். 1837இல் வெளிவந்த ஜான் மர்ரியின் தென் ஜெர்மனிக்கான பயணக் கையேடு திரோலையும் தன்னுள் அடக்கியது. அதாவது திரோல் முழுவதும் ஜெர்மன் உலகின் பகுதியாகக் கொள்ளப்பட்டது. மாறாக, டக்ளஸ் பிரெஷ்ஃபீல்ட் 1875இல் வெளியிட்ட 'இத்தாலிய ஆல்ப்ஸ்' என்னும் பொருள்படும் நூலின் துணைத்தலைப்பில் திரெந்தீனோ என்னும் பெயர் உள்ளது. அப்பகுதி அன்று ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தபோதும், மொழியும் நிலத்தோற்றமும் கருதி அது இத்தாலிய ஆல்ப்ஸில் வைக்கப்பட்டது. கில்பர்ட், சர்ச்சில் ஆகியோரின் 1864ஆம் ஆண்டு நூலும் அமெலியா எட்வர்ட்ஸின் 1873ஆம் ஆண்டு நூலும் 'டோலமைட்' என்னும் மலைப்பெயரையே தலைப்பிற் கொண்டன. இப்பெயர் டோலொமியூ என்னும் பிரெஞ்சு நிலவியலாரின் பெயரடியாகப் பிறந்தது. இக்காலத்துப் பெயர்த்தேர்வு பெரும்பாலும் பயணியின் வசதி பற்றியது.

இரண்டாவது, 1919க்கும் 1945க்கும் இடைப்பட்ட காலம். இப்போது பெயர்த்தேர்வு அரசியல் சார்பின் அடையாளமாயிற்று. 1927இல் இலண்டனில் சி. எச். ஹெர்ஃபோர்ட் பதிப்பித்த நூல், இத்தாலிக்கு எதிரான 'ஜெர்மன் தென் திரோலின்' வழக்கு என்னும் பொருள்படத் தலைப்பிடப்பட்டது. 'ஜெர்மன்' என்னும் அடை இன்றித் 'தென் திரோல்' என்றால் திரெந்தோவும் அடங்கிவிடும் என்னும் நிலை அப்போதும் ஆங்கிலத்தில் நீடித்தமையை இத்தலைப்பு காட்டுகிறது. ரொய்ட் நிக்கொலுஸ்ஸியின் நூல் 1930இல் ஆங்கிலத்தில் வந்தபோது, பாசிசக் கோடரியின் கீழ்த் 'திரோல்' என்றே தலைப்புப் பெற்றது. இங்குத் திசையடையும் இல்லை. பிரிக்கப்பட்ட பகுதியை முழுமையின் பெயரால் அழைப்பதன்வழிப் பிரிவினையை ஏற்காமை புலப்படுத்தப்படுகிறது. முழுமையின் பெயரைப் பகுதிக்கு ஏற்றும் முதலாகுபெயர் இங்கு அரசியற் கூற்றாகவே நின்றது எனலாம்.

மூன்றாவது, அரசுறவுக் காலம். 1946 செப்டம்பர் 5 அன்று பாரிசில் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் குரூபரும் இத்தாலியப் பிரதமர் தெ காஸ்பெரியும் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டனர். ஜெர்மன் மொழியினரும் இத்தாலிய மொழியினரும் செய்துகொண்ட இவ்வுடன்படிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதன் வாசகத்தில் தென் திரோலும் இல்லை; ஆல்தோ ஆதிஜேயும் இல்லை. போல்சானோ மாகாணத்து ஜெர்மன் மொழி பேசும் மக்கள் எனவும், திரெந்தோ மாகாணத்தின் அண்டை இருமொழி ஊர்கள் எனவும் மட்டுமே குறிக்கப்படுகிறது. இடப்பெயர்களை இரு மொழியிலும் வழங்கும் உரிமையை உறுதி செய்த ஆவணமே நிலத்தின் பெயரைக் கூறாது தவிர்த்தது! இரு தரப்பும் ஒப்பும் பெயர் ஆங்கிலத்திலும் இல்லை என்பதே அதன் பொருள். ஆயின் மாகாணத்தை அதன் தலைநகரின் இத்தாலியப் பெயரால் சுட்டியமையின், அத்தவிர்ப்பும் முற்றிலும் நடுநிலையானதன்று.

உடன்படிக்கை முறையாக நிறைவேறவில்லை என ஆஸ்திரியா 1960இல் ஐக்கிய நாடுகள் அவைக்கு முறையிட்டது. ஆஸ்திரியா முதலில் முன்வைத்த தலைப்பு, இத்தாலியில் வாழும் ஆஸ்திரியச் சிறுபான்மையினர் பற்றியது என அமைந்திருந்தது. பொதுப்பேரவை 1960 அக்டோபர் 31 அன்று நிறைவேற்றிய 1497ஆம் தீர்மானத்தின் தலைப்போ, 'போல்சானோ (போட்சன்) மாகாணத்தில் உள்ள ஜெர்மன் மொழி பேசும் கூறு' என அமைந்தது. போட்சன் என்பது அந்நகரின் ஜெர்மன் பெயர். 1946இல் இல்லாத அப்பெயர் 1960இல் பிறைக்குறிக்குள் இடம்பெற்றது. பதினான்கு ஆண்டுக்கால வேண்டுகோளும் மறுப்பும் அப்பிறைக்குறிக்குள் அடங்கியுள்ளன.

நான்காவது, தன்னாட்சிக் காலம். 1948ஆம் ஆண்டு முதல் தன்னாட்சிச் சட்டம் போல்சானோவையும் திரெந்தோவையும் ஒரே மண்டலமாக்கியது. அம்மண்டலத்தின் இத்தாலியப் பெயர் 'திரெந்தீனோ–ஆல்தோ ஆதிஜே'. ஜெர்மன் பெயரில் தென் திரோல் என்பதற்கு மாற்றாகத் 'திரோலர் எட்ச்லாண்ட்' என்னும் தொடர் அமைந்தது. திரோலும் ஆறும் ஒரே தொடரில் இணைக்கப்பட்ட இடைப்பட்ட பெயர் இது. 1957இல் சில்வியுஸ் மாக்னாகோ தலைமையில் ஸிக்முண்ட்ஸ்குரோன் கோட்டையில் நடந்த பெருங்கூட்டமும், 1961 ஜூனில் மின்கம்பங்கள் தகர்க்கப்பட்ட இரவும் கடந்து, 1972 ஜனவரியில் இரண்டாம் தன்னாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போதுதான் 'ஸூட்டிரோல்' மண்டலத்தின் ஜெர்மன் பெயரில் இடம்பெற்றது. 1992இல் ஆஸ்திரியாவும் இத்தாலியும் தம் பிணக்கு முடிந்ததென ஐக்கிய நாடுகள் அவையில் அறிவித்தன. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இத்தாலிய அரசமைப்புச் சட்டத்தின் 116ஆம் பிரிவு 'திரெந்தீனோ–ஆல்தோ ஆதிஜே/ஸூட்டிரோல்' என இரு பெயரையும் ஒருங்கே கூறுகிறது.

இப்படிநிலையில் ஆங்கில ஆய்வுநூல்களின் தலைப்புகள் தக்க சான்றுகளாகின்றன. ஆந்தனி ஆல்காக்கின் 1970ஆம் ஆண்டு நூல் 'தென் திரோல்' எனவே தலைப்பிற் கூறுகிறது. ரோல்ஃப் ஷ்டைனிங்கரின் 2003ஆம் ஆண்டு நூலும் கெயோர்க் குரோட்டின் 2012ஆம் ஆண்டு நூலும் அவ்வாறே. மாரியோ தொஸ்கானோ 1967இல் இத்தாலிய மொழியில் எழுதிய அரசுறவு வரலாற்றின் தலைப்பில் ஆல்தோ ஆதிஜே மட்டுமே உண்டு. 1975இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தபோது 'ஆல்தோ ஆதிஜே–தென் திரோல்' என இரட்டைப் பெயராயிற்று. ஆங்கில வாசகர் 'தென் திரோல்' என்னும் பெயர்வழியே பொருளை அறிவர் என்பதைப் பதிப்பித்தோர் உணர்ந்திருந்தனர் எனக் கொள்ளலாம். ஜான் கோல், எரிக் உல்ஃப் என்னும் மானிடவியலாளர் இருவர், மொழியெல்லையின் இரு புறமும் அமைந்த திரெத், சங்க்ட் ஃபெலிக்ஸ் என்னும் அண்டை ஊர்களை ஆராய்ந்து 1974இல் வெளியிட்ட நூலோ 'மறைந்துள்ள எல்லை' என்னும் பொருள்படத் தலைப்பிடப்பட்டது. நிலப்பெயரைத் தவிர்த்து ஊரளவில் நின்று நோக்கும் நெறி அது.

வணிகத்தில் நிலைமை வேறு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இப்பகுதியின் திராட்சை மது 'ஆல்தோ ஆதிஜே' என்னும் பெயரிலேயே பெரிதும் அறியப்படுகிறது; இத்தாலிய மது என்னும் மதிப்பு அங்கு விற்பனைக்கு உதவுகிறது. மாகாண அரசின் ஆங்கில வெளியீடுகள் போல்சானோ, தென் திரோல் ஆகிய இரண்டையும் இணைத்து வழங்குகின்றன. 1997இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் 'போட்சன்–போல்சானோ' என இரு நகர்ப்பெயரையும் தன் பெயரில் தாங்கியுள்ளது. ஆக, ஆங்கிலத்தில் ஆய்வாளர்க்கு ஒரு பெயர், வணிகர்க்கு ஒரு பெயர், நிறுவனங்களுக்கு இரட்டைப் பெயர் என வழக்குப் பகுந்து நிற்கிறது.

இரு பெயரின் பொருத்தமும் இரு தரப்பின் மனக்குறையும்

நிலவியல் நோக்கில் இரு பெயரும் முழுப் பொருத்தம் உடையன அல்ல. தென் திரோல் என்பது பழைய திரோலின் தென்கோடியாகிய திரெந்தோவை விலக்கிவிடுகிறது. ஆல்தோ ஆதிஜே என்பதோ, மாகாணத்தின் கிழக்குக் கோடியில் தொப்லாக் அருகே தோன்றும் திராவ் ஆறு ஆதிஜேயில் கலவாமல் கிழக்கே ஓடித் தன்யூப் ஆற்றில் கலப்பதைக் கணக்கிற் கொள்வதில்லை. எனவே எப்பெயர் சரியான பெயர் என நிலவியல் தீர்ப்பு வழங்க இயலாது.

வரலாற்று நோக்கிலோ இரு தரப்பிற்கும் மனக்குறை உண்டு. ஜெர்மன் மொழியினர்க்கு ஆல்தோ ஆதிஜே என்பது தம் நாட்டின் பெயரைத் தடை செய்த ஆட்சி திணித்த பெயர். 1923ஆம் ஆண்டு ஆணைவழி வந்த இத்தாலிய இடப்பெயர்கள் இன்றும் சட்ட வலிமையுடன் நிற்க, நாள்தோறும் வழங்கும் ஜெர்மன் பெயர்களுக்கு முறையான சட்ட ஏற்பு முழுமையாக அமையாமை அவர்தம் குறை. இதனைத் தீர்க்க 2012இல் இயற்றப்பட்ட மாகாணச் சட்டத்தை எதிர்த்து நடுவணரசு அரசமைப்பு நீதிமன்றத்தை நாடியது. 2019இல் அச்சட்டம் மாகாண அவையாலேயே நீக்கப்பட்டது.

இத்தாலிய மொழியினர் நிலையையும் ஒதுக்குதற்கில்லை. அவர்களுட் பலர் பாசிசக் காலத்தில் தொழிற்சாலைப் பணிக்கெனக் குடியேறியோரின் பெயரரும் பெயர்த்தியருமாவர். மூன்று தலைமுறையாகத் தாம் பிறந்து வளர்ந்த ஊரை அவர்கள் அறிந்த பெயர் ஆல்தோ ஆதிஜே ஒன்றே. 1945இல் தொடங்கப்பட்ட அவர்தம் நாளிதழின் பெயரும் அதுவே. 2019 அக்டோபரில் மாகாண அவை ஒரு சட்டத்தின் இத்தாலிய வாசகத்தில் 'ஆல்தோ ஆதிஜே' என்பதை நீக்கி 'போல்சானோ மாகாணம்' எனவும், ஜெர்மன் வாசகத்தில் 'ஸூட்டிரோல்' என்பதை அவ்வாறே இருத்தியும் எழுதியபோது, தம்மையே நீக்கியதாக அவர்கள் உணர்ந்தனர். ஒரு பெயரைத் தடை செய்த கொடுமையை மற்றொரு பெயரை நீக்குவதால் ஈடுசெய்ய இயலாது.

மூன்றாம் மொழியினராகிய லாதின் மக்கள் தம் மொழியிலும் மாகாணத்தை 'ஸூட்டிரோல்' என்றே அதிகாரப்பூர்வமாக வழங்குகின்றனர். நகரின் பெயரை மட்டும் 'புல்சான்', 'பல்சான்' எனத் தம் ஒலியில் கூறுவர். 'ஜெர்மன் பெயரா, இத்தாலியப் பெயரா' என்னும் ஆங்கில விவாதத்தில் இவர்களுக்கு இடமில்லை. ஷ்டெர்த்சிங்கில் பிறந்த அரசியலாளர் அலெக்சாந்தர் லாங்கர் (1946–1995), மக்கள் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு மொழிக் குழுவினராகத் தம்மை அறிவிக்க வேண்டும் என்னும் 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முறையை ஏற்க மறுத்தார். அதன் விளைவாக 1995இல் போல்சானோ நகரத் தலைவர் தேர்தலில் போட்டியிடும் வாய்ப்பை இழந்தார். மக்களை இரண்டாகவோ மூன்றாகவோ பகுத்து அடைக்கும் முறையே பெயர்ப் பூசலின் அடியில் உள்ளது என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

தமிழில் கொள்ளத்தக்க நெறி

ஐரோப்பிய இடப்பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலம்வழியே தமிழுக்கு வருகின்றன. எனவே ஆங்கிலத்தின் தேர்வு அறியாமலே தமிழின் தேர்வாகிவிடுகிறது. 1996இல் ஆங்கிலத்தில் மதராஸ் என்பது சென்னை என மாற்றப்பட்டபோது, ஆங்கில வழக்கு தமிழ் வழக்கோடு ஒன்றுபட்டது. உள்ளூர் மொழியைப் பின்பற்றுக என்னும் விதி அங்குப் போதுமானதாயிற்று. உள்ளூர் மொழிகள் ஒன்றுக்கு மேற்பட்டனவாக உள்ள நிலத்தில் அவ்விதி போதாது.

ஒலிபெயர்ப்பிலும் கருதத்தக்கன உள. ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கண்டு 'டைரோல்' என எழுதுவது பிழை. ஜெர்மன், இத்தாலிய மொழிகளில் அவ்வொலி இல்லை. டகரம் தமிழில் மொழிமுதலாகாது ஆகலானும், இத்தாலிய மொழியில் அவ்வொலி பல்லொலியாகவே ஒலித்தலானும், 'திரோல்' என எழுதுதல் பொருந்தும். 'தென்' என்னும் அடையோடு புணர்த்தின் 'தென்றிசை' என்பதுபோலத் 'தென்றிரோல்' என்றாகும்; அயற்பெயரின் உருவம் மறையுமாதலின் பிரித்தெழுதுதலே நன்று. 'ஆல்தோ' என்பதை 'மேல்' என மொழிபெயர்ப்பின் மேற்றிசை எனப் பொருள் மயங்கும். எனவே 'ஆல்தோ ஆதிஜே' என ஒலிபெயர்த்தலே தகும்.

பெயர்த்தேர்விற்கு மூன்று நெறிகள் கூறலாம். முதலாவதாக, 1919க்கு முற்பட்ட காலத்தை எழுதும்போது 'திரோலின் தென்பகுதி' என விரித்துரைத்தல் வேண்டும். தென் திரோல் என்னும் பெயரை இன்றைய பொருளில் முன்காலத்திற்கு ஏற்றுதல் கூடாது. நெப்போலியன் காலத்து ஆல்தோ ஆதிஜேயையும் இன்றையதையும் ஒன்றெனக் கொள்ளலும் ஆகாது. இரண்டாவதாக, இன்றைய மாகாணத்தைச் சுட்டும்போது முதல் இடத்தில் 'தென் திரோல் (ஆல்தோ ஆதிஜே)' என இரண்டும் தந்து, பின்னர் ஆங்கில ஆய்வுலகில் நிலைபெற்ற முதற்பெயரையே வழங்கலாம். அது மக்களுள் பெரும்பான்மையோரும் லாதின் மொழியினரும் கொண்ட பெயராதலும் இதற்கு அரண். மூன்றாவதாக, மேற்கோள் நூலோ ஆவணமோ எப்பெயரைக் கையாண்டதோ, அதனை மாற்றாது தருதல் வேண்டும். 1946ஆம் ஆண்டு உடன்படிக்கையை மொழிபெயர்ப்பவர் 'போல்சானோ மாகாணம்' என்பதைத் தென் திரோல் என மாற்றின், அவ்வாவணம் எதனைச் சொல்லாது விட்டது என்னும் வரலாற்றுச் செய்தி அழிந்துபோம்.

முடிவுரை

தென் திரோல், ஆல்தோ ஆதிஜே என்னும் இரண்டும் காரணப்பெயர்கள். ஆயின் அவற்றின் காரணம் கோட்டையிலும் ஆற்றிலும் தொடங்கி, உடன்படிக்கையிலும் ஆணையிலும் வந்து நிற்கிறது. பயணியர் காலத்தில் வசதியாகவும், இரு போர்களுக்கிடையே சார்பாகவும், 1946இல் தவிர்ப்பாகவும், 1960இல் பிறைக்குறியாகவும், 2001க்குப் பின் சாய்கோட்டின் இருபுறமாகவும் அப்பெயர்கள் நின்ற நிலை, அந்நிலத்து மக்கள் பெற்ற உரிமைகளின் வரலாறாகவே அமைந்துள்ளது. ஆங்கிலம் மூன்றாம் மொழியாயினும் அதில் ஒரு பெயரைத் தெரிவது நடுநிலைச் செயலன்று. தமிழும் இங்கு அயல்மொழியே. அயலார் நடுநிலையைத் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ள இயலாது; எப்பெயரை ஏன் கொண்டோம் என ஒரு வரியில் கூறிச்செல்ல இயலும். அவ்வொரு வரி இருந்திருப்பின், இரு கட்டுரைகளைப் படித்த நம் மாணவர் ஒரு நிலத்தை இரண்டாகப் பிரித்திருக்க மாட்டார்.